பள்ளிக்கரணைக்கும் தெரு மரத்துக்கும் யார் பொறுப்பு? பகுதி சபையில் என்ன கேட்பது?

ஏரிக்கரை · ஞாயிறு, இரவு 9.12

வணக்கம். நாராயணபுரம் ஏரிப் பக்கம் 19 வருடமாகக் குடியிருக்கிறேன். உள்ளாட்சி தினமான நவம்பர் 1 அன்று எங்கள் பகுதி சபை (வார்டுக்குள் அந்தந்தப் பகுதி மக்கள் கூடிப் பேசும் சபை) கூடும் என்று சொல்லியிருக்கிறார்கள். போன முறை தெருவிளக்கு, கொசு மருந்து, குப்பை வண்டி வரும் நேரம் என்று பேசியே கூட்டம் முடிந்துவிட்டது. இந்த முறை நானும் பக்கத்துத் தெருப் பெண்கள் இரண்டு பேரும் சேர்ந்து, பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைப் பற்றியும் தெரு மரங்களைப் பற்றியும் ஒரு தீர்மானம் கொண்டுபோகலாம் என்று இருக்கிறோம். அதை யாருக்கு எழுதுவது என்பதிலேயே மாட்டிக்கொண்டு நிற்கிறோம்.

ஏன் கேட்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் தெருவில் ஐந்து புங்க மரங்கள் இருந்தன. வடிகால் தோண்டும்போது இரண்டு மரங்களுக்கு ஒரு பக்கத்து வேரை மொத்தமாக வெட்டிவிட்டார்கள். வேலை நடக்கும்போதே ஓடிப்போய்ச் சொன்னேன். ஒரு அலுவலகத்தில் "மரம் எங்களுடையது, பள்ளம் வேறு பிரிவு" என்றார்கள். அந்தப் பிரிவில் "ஒப்பந்தக்காரரிடம் பேசுங்கள்" என்றார்கள். மூன்றாவதாகப் போன இடத்தில் "மரத்தை வெட்டவில்லையே, வேரைத்தானே வெட்டியிருக்கிறார்கள்" என்று மனுவை வாங்கவே இல்லை. ஐப்பசி மழையில் இரண்டு மரமும் சாய்ந்தன. ஒன்று மின்கம்பத்தின் மேல் விழுந்து இரண்டு நாள் தெருவுக்கே கரண்ட் இல்லை.

நாட்டுக்கு ஒரு காலநிலைத் திட்டம் இருக்கிறது, மாநிலத்துக்கு ஒன்று, மாவட்டத்துக்கு ஒன்று, சென்னைக்குத் தனியாக ஒன்று. இத்தனை இருந்தும் ஒரு புங்க மரத்தின் வேரைக் கேட்க ஆள் இல்லை என்றால் கோளாறு எங்கே? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய வனவர் · ஞாயிறு, இரவு 10.40

அம்மா, நான் வனத்துறையில் வனக்காப்பாளராகச் சேர்ந்து வனவராக ஓய்வு பெற்றவன். உங்கள் கேள்வியை என் வேலைக்காலம் முழுக்க மறுபக்கத்திலிருந்து கேட்டிருக்கிறேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

காடு முதலில் மாநிலப் பட்டியலில் இருந்தது. 1976-ல் அரசியல் சாசனத்தின் 42-வது திருத்தம் அதை, மத்திய அரசும் மாநிலமும் சட்டம் போடக்கூடிய பொதுப் பட்டியலுக்குக் கொண்டுபோனது. 1980-ல் வனப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் பிறகு காட்டு நிலத்தை வேறு வேலைக்கு மாற்ற வேண்டுமென்றால் மத்திய அரசின் முன் அனுமதி வேண்டும். அப்புறம் 1996 டிசம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றத்தின் கோதவர்மன் உத்தரவு. அந்த வழக்கு கிளம்பியது நம் கூடலூர்க் காட்டிலிருந்துதான். பதிவேட்டில் யார் பெயரில் இருந்தாலும் சரி, அகராதிப் பொருளில் காடாக இருந்தால் அது காடு என்று நீதிமன்றம் சொன்னது. 2023-ல் அந்தச் சட்டத்தைத் திருத்தி, அறிவிக்கப்பட்ட காடுகளுக்கும் அரசுப் பதிவேட்டில் காடு என்று இருப்பவற்றுக்குமே அது பொருந்தும் என்று சுருக்கினார்கள். திருத்தத்தை எதிர்த்த வழக்கில் 1996-ல் சொன்ன பொருளையே இப்போதைக்குப் பின்பற்றுங்கள் என்று 2024 பிப்ரவரியில் இடைக்கால உத்தரவு வந்தது.

இது மேலே நடந்த கதை. கீழே ஒரு கதை உண்டு. 1992-ல் வந்த 74-வது திருத்தத்தோடு 12-வது அட்டவணை வந்தது. நகராட்சிகளுக்குக் கொடுக்கக்கூடிய 18 வேலைகள் அதில் இருக்கின்றன. எட்டாவதைப் பாருங்கள்: நகர்ப்புறக் காடு வளர்ப்பு, சுற்றுச்சூழல் பாதுகாப்பு. ஊராட்சிகளுக்கான 11-வது அட்டவணையில் சமூகக் காடுகளும் பண்ணைக் காடுகளும் ஆறாவது இடத்தில் இருக்கின்றன. ஆக, காடு என்றால் டெல்லியும் கோட்டையும், ஊருக்குள் நிற்கும் மரம் என்றால் உள்ளாட்சி என்று அரசியல் சாசனமே ஒரு பங்கீடு போட்டிருக்கிறது. ஆனால் அட்டவணையில் இருப்பதாலேயே அதிகாரம் கைக்கு வந்துவிடாது. மாநிலம் சட்டம் போட்டு, ஆளும் பணமும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். மரம் நடும் வேலையைக் கொடுத்தார்கள். நட்ட மரத்தைக் காக்கும் அதிகாரத்தை யாரும் முழுசாகக் கொடுக்கவில்லை.

என் அனுபவத்தில் ஒன்று. சாலையோரம் நட ஒரு திட்டத்தில் கன்று வளர்த்துக் கொடுத்தோம். நடுவதற்குக் கணக்குத் தலைப்பு இருந்தது, முதல் கோடைக்குத் தண்ணீர் ஊற்றவும் இருந்தது. இரண்டாம் வருடம் சாலை அகலப்படுத்த வேறொரு துறை வந்தது. அவர்களுடைய வரைபடத்தில் அந்தக் கன்றுகளே இல்லை. எங்கள் பதிவேட்டில் அவை இன்னும் உயிரோடு நிற்கும்.

சர்வே எண் · திங்கள், காலை 7.05

கட்டட அனுமதிக்கு வரைபடம் போடும் வேலையில் இருப்பவன் நான். வனவர் ஐயா சொன்ன "வரைபடத்தில் இல்லை" என்பதுதான் மொத்த விஷயமும் என்று எனக்குத் தோன்றுகிறது. பள்ளிக்கரணையை வைத்தே சொல்கிறேன்.

2022-ல் ராம்சர் தலமாக, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலமாக அறிவித்தார்கள், பரப்பு 1,247.54 ஹெக்டேர். அதில் வனத்துறை கையில் காப்புக்காடாக இருப்பது ஒரு பகுதிதான். மீதியில் வருவாய்த்துறை நிலமும் பட்டா நிலமும் கலந்து கிடக்கின்றன. பெருங்குடிக் குப்பைக் கிடங்கு மாநகராட்சியினுடையது. சதுப்புக்குத் தண்ணீர் கொண்டுவரும் ஏரிகள் நீர்வளத்துறை கையில். எந்த நிலத்தில் எதைக் கட்டலாம் என்று சொல்வது சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமான சிஎம்டிஏ. சதுப்புக்கு உள்ளேயே மத்திய அரசின் ஆய்வு நிறுவனங்கள் இருக்கின்றன, பறக்கும் ரயில் போகிறது.

மாவட்ட எல்லையையும் பாருங்கள். 2018 வரை பள்ளிக்கரணை காஞ்சிபுரம் மாவட்டம். அதற்குப் பிறகு சென்னை. ஆனால் தண்ணீர் இறங்கிவரும் செம்பாக்கம், ராஜகீழ்ப்பாக்கம், மாடம்பாக்கம் ஏரிகள் செங்கல்பட்டு மாவட்டத்தில், 2021-ல் உருவான தாம்பரம் மாநகராட்சிக்குள் வருகின்றன. மழை செம்பாக்கத்தில் பெய்து, பள்ளிக்கரணையில் தேங்கி, ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்காம் கால்வாயில் விழுந்து, கோவளத்தில் கடலைத் தொடுகிறது. வழியில் இரண்டு மாவட்டமும் இரண்டு மாநகராட்சியும் இருப்பது தண்ணீருக்குத் தெரியாது.

2017 ஈரநில விதிகளின்படி ராம்சர் தலத்துக்குள் ஆக்கிரமிப்பு கூடாது, குப்பை கொட்டக் கூடாது, நிரந்தரக் கட்டடம் கூடாது. சதுப்பைப் பாதிக்கக்கூடிய சுற்றுப்பகுதியையும் வரையறுக்க வேண்டும். எல்லை எந்தெந்த சர்வே எண் வழியாகப் போகிறது என்பது ராம்சர் அறிவிப்பு வந்த அன்றே சிஎம்டிஏ மேசையிலும் பத்திரப் பதிவு அலுவலகத்திலும் இருந்திருந்தால் பாதிச் சிக்கல் வந்திருக்காது. 2025-ல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்டு, அந்த எல்லை அளவீடு முடியும்வரை ஒரு கிலோமீட்டர் சுற்றளவுக்குள் கட்டட அனுமதி கூடாது என்று சொல்ல வேண்டியதாயிற்று.

பெரும்பாக்கம் · திங்கள், காலை 8.20

அந்த ஒரு கிலோமீட்டருக்குள் மாட்டிக்கொண்ட ஆள் நான். இரண்டு கிரவுண்டு மனை. பாதி என் அப்பாவின் ஓய்வூதியப் பணம், மீதி வங்கிக் கடன். வாங்கும்போது வில்லங்கம் பார்த்தேன், வக்கீலிடம் கருத்து வாங்கினேன், மனைப்பிரிவு அனுமதி இருந்தது. ஒரு காகிதத்திலாவது சதுப்பு என்றோ ராம்சர் என்றோ ஒரு வார்த்தை இருந்திருந்தால் தொட்டிருக்க மாட்டேன். இப்போது கட்டவும் முடியவில்லை, விற்கவும் முடியவில்லை, தவணை மட்டும் போய்க்கொண்டிருக்கிறது.

எனக்கும் வெள்ளம் தெரியும். 2015-ல் வேளச்சேரியில் மாடியில் மூன்று நாள் இருந்தவன், 2023 மிக்ஜாமிலும் தண்ணீரில் நின்றவன். சதுப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அரசாங்கத்தின் ஒரு கை அனுமதி கொடுக்கிறது, இன்னொரு கை தடுக்கிறது, நடுவில் நிற்பவன் சாகிறான் என்பதைத்தான் சொல்கிறேன். தீர்மானம் எழுதுவதாக இருந்தால் என்னைப் போன்றவர்களுக்காகவும் ஒரு வரி எழுதுங்கள்.

ஏரிக்கரை · திங்கள், காலை 8.51

கட்டாயம் எழுதுவோம் சார். நீங்களும் கூட்டத்துக்கு வாருங்கள்.

தனிமரம் · திங்கள், மதியம் 1.30

இவ்வளவு துறை இருப்பதுதான் நோய். ஈரநிலம், மரம், காலநிலை எல்லாவற்றையும் ஒரே ஆணையத்தின் கீழ் கொண்டுவந்து, முழு அதிகாரம் உள்ள ஒரு அதிகாரியைப் போட வேண்டும். மற்றவர்கள் எல்லாம் அவருக்குக் கீழே. கேள்வி கேட்கவும் ஒரே இடம் இருக்கும். சபை, தீர்மானம் எல்லாம் மனத்திருப்திக்குத்தான் ஆகும்.

அழகர்மலைப் பக்கம் · திங்கள், மாலை 6.15

சென்னைக்காரன் இல்லை, மேலூர்ப் பக்கம். ஆனாலும் தனிமரம் சொன்னதற்குப் பதில் எழுதாமல் போக மனசில்லை.

அரிட்டாபட்டி தெரியுமா? தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக மாநில அரசு 2022-ல் அறிவித்த இடம். குன்றுகள், குடைவரைக் கோயில், சமணப் படுக்கைகள், ஊற்று, வல்லூறு எல்லாம் உள்ள ஊர். 2024 நவம்பரில் அந்தத் தலமும் சேர்ந்து வரும் பகுதியை டங்ஸ்டன் எடுக்க மத்திய அரசு ஏலம் விட்டுவிட்டது. முக்கியக் கனிமங்களை ஏலம் விடும் அதிகாரம் 2023 சட்டத் திருத்தத்தோடு மேலே போயிருந்தது. எல்லா அதிகாரமும் ஒரே இடத்தில்தானே இருந்தது? இருந்தும் அந்த இடத்துக்குக் குன்று தெரியவில்லை, கனிமம் மட்டும் தெரிந்தது.

அதைத் திருப்பியது எது? கிராம சபைகள். ஊர் ஊராகத் தீர்மானம் போட்டார்கள். சனம் நடந்தே மதுரைக்குப் போனது. டிசம்பரில் சட்டமன்றம் தனித் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரியில் ஏலம் ரத்து. சபைத் தீர்மானம் மனத்திருப்திக்கு என்று சொல்லாதீர்கள் நண்பரே. எங்கள் ஊரில் அந்தக் காகிதம்தான் மலையைக் காத்தது. அதில் "இது எங்கள் குடிதண்ணீர், இது எங்கள் சாமி, இது எங்கள் மேய்ச்சல்" என்று பெயர் சொல்லி எழுதியிருந்தோம்.

கிராமத்துக்குக் கிராம சபை பழகிப்போன ஒன்று. நகரத்தில் பகுதி சபை 2022-ல்தான் கூட ஆரம்பித்தது. தெருவிளக்கோடு அதை முடித்துவிடாதீர்கள் என்பதுதான் ஏரிக்கரை அக்காவுக்கு நான் சொல்வது.

கணக்குப்பிள்ளை · திங்கள், இரவு 9.48

துறைகள் ஏன் சேராமல் இருக்கின்றன என்பதற்குப் பணம் ஒரு காரணம். அதையும் பேசுவோம்.

15-வது நிதிக்குழு மத்திய வரியில் 41 சதவீதத்தை மாநிலங்களுக்குப் பிரித்தபோது, காட்டுக்கு 10 சதவீத எடை கொடுத்தது. அதற்கு முந்தைய குழு கொடுத்தது 7.5 சதவீதம். நல்ல விஷயம்தான். ஆனால் அவர்கள் பார்த்தது அடர்ந்த காட்டின் பரப்பை. பள்ளிக்கரணையில் கோரையும் தண்ணீரும் பூநாரையும்தான் இருக்கின்றன. அந்தக் கணக்கில் அதற்கு ஒரு பைசா கிடையாது. எண்ணூர்க் கழிமுகத்துச் சேற்று மேட்டுக்கும் கிடையாது. நகரத்தை வெள்ளத்திலிருந்து காக்கும் நிலம் வரிப் பங்கீட்டில் வெறும் தரிசாக நிற்கிறது.

அடுத்தது ஈட்டுக் காடு வளர்ப்பு நிதி. காட்டு நிலத்தை எடுப்பவர்கள் கட்டும் பணத்தில் 90 சதவீதம் 2016 சட்டப்படி மாநில நிதிக்கு வருகிறது. அது வனத்துறை வழியாகத்தான் செலவாகும். உங்கள் தெருப் புங்கனுக்கு அது வராது. பத்து லட்சத்துக்கு மேல் மக்கள் உள்ள நகரங்களுக்கு நிதிக்குழு தனி மானியம் கொடுத்தது. காற்றுத் தரம், குடிநீர், கழிவு என்று அதற்கான இனங்களை வகுத்துவிட்டார்கள். மர நிழலுக்கு என்று ஒரு இனம் இல்லை.

இலக்குகளைப் பாருங்கள், ஒவ்வொரு நிலையும் ஒவ்வொரு அளவுகோலில் பேசுகிறது. 2030-க்குள் காடும் மரமும் கூடுதலாக 250 முதல் 300 கோடி டன் கரியமில வாயுவை உள்வாங்க வேண்டும் என்பது நாடு கொடுத்த வாக்கு. அளவு டன். தமிழ்நாடு 2022-ல் தொடங்கிய பசுமைத் திட்டத்தின் இலக்கு, 23.7 சதவீதப் பசுமைப் பரப்பைப் பத்தாண்டில் 33 ஆக்குவது. அளவு சதவீதம். சென்னையின் காலநிலைச் செயல்திட்டம் 2023-ல் வந்தது, 2050-க்குள் நிகர பூஜ்யம் என்கிறது, அதாவது வெளியிடும் கரியமில வாயுவும் உள்வாங்குவதும் சமமாக வேண்டும். வார்டில் கேட்டால் எத்தனை கன்று நட்டோம் என்று எண்ணிக்கை சொல்வார்கள். டன், சதவீதம், பூஜ்யம், கன்று. இவற்றை ஒன்றுக்குள் ஒன்று மாற்றிப் பார்க்கும் வாய்ப்பாடு எங்கேயும் இல்லை.

நான் ஒரு சின்னக் கணக்குப் போட்டேன். மாநிலப் பரப்பு 1,30,060 சதுர கிலோமீட்டர். 23.7-லிருந்து 33-க்குப் போக இன்னும் சுமார் 12,000 சதுர கிலோமீட்டர் வேண்டும். 426 சதுர கிலோமீட்டர் உள்ள சென்னையை 28 முறை அடுக்கினால் வரும் இடம். இருக்கிற காப்புக்காட்டுக்குள் இது முடியாது. விவசாயி வரப்பிலும் கோயில் நிலத்திலும் பள்ளிக்கூடத்திலும் ரயில்வே இடத்திலும் தெருவிலும்தான் நட வேண்டும். அந்த நிலங்களில் ஒன்றுகூட வனத்துறையினுடையது அல்ல. உள்ளாட்சி இல்லாமல் இந்த இலக்கு நடக்கவே நடக்காது.

பழைய வனவர் · திங்கள், இரவு 10.30

கணக்குப்பிள்ளை சார் நல்ல இடத்தைத் தொட்டார். ஒன்றைச் சேர்க்கிறேன். இந்திய வன ஆய்வு நிறுவனம் செயற்கைக்கோள் படத்தை வைத்துக் காட்டுப்பரப்பு சொல்கிறதே, அதில் ஒரு ஹெக்டேருக்கு மேல் பரந்து, விதானம் (மேலே மரக்கிளைகள் மூடும் பரப்பு) 10 சதவீதத்துக்கு மேல் இருந்தால் அது காட்டுப்பரப்பு. யார் நிலம், என்ன மரம் என்று பார்ப்பதில்லை. தென்னந்தோப்பும் அதில் வரும். 2021 அறிக்கை சென்னைக்குச் சொன்னது 22.70 சதுர கிலோமீட்டர். அதில் பெரும் பங்கு எங்கே இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? கிண்டி தேசியப் பூங்கா, ஆளுநர் மாளிகை, ஐஐடி, அடையாறு பிரம்மஞான சபை மாதிரியான பெரிய மதிலுக்குள்தான். உங்கள் தெருவின் ஐந்து புங்கன் அந்தப் படத்தில் தெரியாது. ஐந்தும் போனாலும் படம் மாறாது.

அதனால்தான் மரத்தைக் கீழேயிருந்து எண்ண வேண்டும் என்கிறேன். மாவட்டக் காலநிலை இயக்கத்துக்கு ஆட்சியர் இயக்குநர், மாவட்ட வன அலுவலர் காலநிலை அலுவலர் என்று ஏற்பாடு. மற்ற மாவட்டங்களில் இது ஓரளவு பொருந்தும். சென்னையில் ஆட்சியரிடம் இருப்பது நிலமும் வருவாயும். சாலை, வடிகால், பூங்கா, கட்டடம் எல்லாம் மாநகராட்சி ஆணையரிடம். இங்கே ஆணையரும் அதே மேசையில் சமமாக உட்கார்ந்தால்தான் வேலை நடக்கும்.

தனிமரம் தம்பிக்கு: நானும் இளவயதில் உங்களைப் போலத்தான் நினைத்தேன். ஒரே அதிகாரி, ஒரே உத்தரவு. ஆனால் ஓர் அதிகாரி மாறினால் மொத்தமும் மாறுவதைப் பார்த்துவிட்டேன். பல கை இருக்கட்டும். ஆனால் எல்லாக் கையிலும் ஒரே பட்டியல் இருக்க வேண்டும்.

கொசத்தலை · செவ்வாய், அதிகாலை 5.10

எண்ணூர்ப் பக்கம். கடலுக்குப் போகும் முன் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுக்கவும்.

பட்டியல் என்று ஐயா சொன்னாரே, எங்களுக்கு அதுதான் வலி. எங்கள் கழிமுகத்தைப் பாதுகாக்க வேண்டிய நீர்நிலையாகக் காட்டும் கடற்கரை மேலாண்மை வரைபடத்துக்கு 1996-லேயே மத்திய அரசு ஒப்புதல் கொடுத்தது. பிறகு வேறொரு வரைபடம் வந்தது, அதில் ஆற்றின் பெரும் பகுதி காணோம். எந்த வரைபடம் செல்லும் என்று பசுமைத் தீர்ப்பாயம் வரை போய் அலைந்தோம். கொசத்தலை ஆற்றின் இக்கரை சென்னை, அக்கரை திருவள்ளூர். சாம்பல் குழாய் உடைந்து ஆறு வெளுத்துப் போனால் இரண்டு பக்கமும் மனு கொடுக்க வேண்டும். மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணெய் வந்தபோது படகும் வலையும் கறுத்துப்போய், வாரக்கணக்கில் தொழில் இல்லை.

இன்னொன்று, கண்டல் (அலையாத்தி மரம்) நடுவது. காலநிலைக்கு நல்லது என்று கண்டல் நடுகிறார்கள். நல்லதுதான், கண்டல் வேரில்தான் இறால் குஞ்சு ஒதுங்கும். ஆனால் எந்தச் சேற்றில் நடுவது என்று எங்களைக் கேட்டுவிட்டு நட வேண்டும். பெண்கள் பறியை, அதாவது மீன் போடும் கூடையை, பல்லில் கடித்துக்கொண்டு கையால் இறால் தடவும் இடங்கள் இருக்கின்றன. நண்டு வளை போடும் திட்டு இருக்கிறது. ஓதம் ஏறி இறங்கும் வாய்க்கால் இருக்கிறது. வாய்க்காலை அடைத்து நட்டால் கண்டலும் நிற்காது, தண்ணீரும் ஓடாது. ஒருமுறை வந்து அப்படித்தான் நட்டுவிட்டுப் போனார்கள், அடுத்த மழையில் பாதி மிதந்து போயிற்று. எங்கள் ஊரில் எந்தப் பாட்டியைக் கேட்டாலும் எங்கே நிற்கும் என்று சொல்லியிருப்பாள்.

சர்வே எண் · செவ்வாய், காலை 7.22

கொசத்தலை அண்ணா சொன்னதை எழுதி வைக்கச் சட்டத்திலேயே ஒரு இடம் இருக்கிறது. 2002 பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வோர் உள்ளாட்சியும் பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைக்க வேண்டும், மாநகராட்சியும் அதில் அடக்கம். அந்தக் குழு மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு தயாரிக்க வேண்டும். எந்த மரம், எந்தக் குளம், எந்த மீன், யாருக்கு என்ன தெரியும் என்று மக்களைக் கேட்டே எழுத வேண்டிய பதிவேடு அது. அதோடு சர்வே எண்ணையும் சேர்த்து எழுதினால் மேலே உள்ள எல்லாத் துறையும் அதைப் படிக்க முடியும். வருவாய்த்துறைக்கும் வனத்துறைக்கும் சிஎம்டிஏவுக்கும் பத்திரப் பதிவுக்கும் பொதுவாகப் புரியும் ஒரே மொழி சர்வே எண்தான்.

நேரமும் சரியாக இருக்கிறது. சென்னையின் நிலப் பயன்பாட்டுக்கு சிஎம்டிஏ போடும் முழுமைத் திட்டத்தில், 2008-ல் வந்த இரண்டாவது 2026 வரைக்குமானது. மூன்றாவது தயாராகிக்கொண்டிருக்கிறது. அதன் நிலப் பயன்பாட்டு வரைபடத்தில் சதுப்பின் எல்லை ஏறாவிட்டால் இன்னும் இருபது வருடம் பெரும்பாக்கம் சார் மாதிரி ஆட்கள் மாட்டிக்கொண்டே இருப்பார்கள்.

தனிமரம் · செவ்வாய், காலை 9.00

அழகர்மலைப் பக்கம், பழைய வனவர் இரண்டு பேருக்கும்: யோசித்துப் பார்த்தேன். ஒரே ஆணையம் என்பதில் எனக்கு இருந்த பிடிப்பு கொஞ்சம் தளர்ந்திருக்கிறது. ஆனால் ஒன்றில் மாறவில்லை. பட்டியல் இருந்தும் யாரும் அதைப் பார்க்காவிட்டால்? குழிதோண்ட ஆணை கொடுப்பவர் அந்தப் பட்டியலில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் கொடுக்க முடியும் என்று கட்டாயம் வேண்டும்.

பழைய வனவர் · செவ்வாய், காலை 9.35

அது மிகச் சரி. அதைத் தீர்மானத்தில் போட்டே ஆக வேண்டும். வேர் பரவும் வட்டத்தையும் சேர்த்து எழுதுங்கள். பொதுவாக விதானம் எவ்வளவு விரிந்திருக்கிறதோ அதற்குக் குறையாமல் வேர் போகும், பெரும்பாலும் அதைவிட அதிகம். ஒரு பக்கம் மொத்தமாக வெட்டினால் அந்த மரம் அடுத்த புயலுக்குத் தாங்காது. 2016 வர்தாவில் விழுந்த மரங்களை நான் சுற்றிப் பார்த்தேன். நடைபாதைச் சிமெண்டும் பழைய பள்ளமும் வேரை நறுக்கியிருந்த மரங்கள் வேரோடு பெயர்ந்து கிடந்தன.

ஏரிக்கரை · செவ்வாய், இரவு 10.15

மூன்று பேரும் உட்கார்ந்து எழுதிவிட்டோம். பாருங்கள், திருத்துங்கள்.

"எங்கள் பகுதியில் நிற்கும் ஒவ்வொரு மரமும், ஏரி, வாய்க்கால், சதுப்பு நிலத் துண்டு ஒவ்வொன்றும் சர்வே எண்ணோடும் தெருப் பெயரோடும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் ஏற வேண்டும். பதிவேட்டின் பிரதி வார்டு குழுவுக்கும் மண்டல அலுவலகத்துக்கும் மாவட்டக் காலநிலை இயக்கத்துக்கும் வனத்துறைக்கும் நீர்வளத்துறைக்கும் சிஎம்டிஏவுக்கும் ஒரே நாளில் போக வேண்டும். எந்தத் துறை பள்ளம் தோண்டினாலும் பதிவேட்டைப் பார்த்து, மரத்தின் வேர் வட்டத்தைக் குறித்து, வார்டு குழுவுக்கு எழுத்தில் தெரிவித்த பிறகே தோண்ட வேண்டும். ராம்சர் எல்லையும் சுற்றுப்பகுதி எல்லையும் சர்வே எண் வாரியாகப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டு, மூன்றாம் முழுமைத் திட்டத்திலும் வில்லங்கச் சான்றிதழிலும் தெரிய வேண்டும். முறையான அனுமதியோடு வாங்கிச் சிக்கிக்கொண்டவர்களின் மனுக்களைக் கேட்க ஒரு நாள் குறிக்க வேண்டும். சதுப்பு நிலம் பற்றி எடுக்கும் முடிவுகளில் தாம்பரம் மாநகராட்சியின் பகுதி சபைகளையும் கேட்க வேண்டும்."

கடைசி வரி பெரியவர் ஒருவர் சொல்லிச் சேர்த்தது. அவர் செம்பாக்கத்தில் பிறந்தவர். சின்ன வயதில் இந்தச் சதுப்பைக் கழுவெளி என்றுதான் சொல்வார்களாம். தீர்மானத்தில் அந்தப் பெயரையும் எழுதச் சொன்னார், தலைப்பில் போட்டிருக்கிறோம்.

பெரும்பாக்கம் · செவ்வாய், இரவு 10.40

என் வரிக்கு நன்றிம்மா. எங்கள் மனைப்பிரிவில் இன்னும் பதினொரு குடும்பம் இருக்கிறது. எல்லோரையும் கூட்டிக்கொண்டு வருகிறேன்.

சர்வே எண் · செவ்வாய், இரவு 11.02

"எந்தத் துறை பள்ளம் தோண்டினாலும்" என்பதோடு மின்வாரியம், குடிநீர் வாரியம், கேபிள் நிறுவனங்கள் என்று பெயரைச் சொல்லியே எழுதுங்கள். பெயர் இல்லாவிட்டால் இது எங்களுக்கு இல்லை என்பார்கள். பகுதி சபை கொடுப்பது பரிந்துரை, அது வார்டு குழு வழியாகத்தான் மேலே போகும். அதனால் இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு போங்கள், ஒன்றில் தேதியும் கையெழுத்தும் முத்திரையும் வாங்காமல் திரும்பாதீர்கள். உங்கள் பகுதியின் புல வரைபடத்தை நான் எடுத்துத் தருகிறேன்.

பழைய வனவர் · புதன், காலை 5.45

கூட்டத்துக்குப் போகும்போது கையில் ஒரு தெருவின் பட்டியலாவது முடித்து எடுத்துக்கொண்டு போங்கள் அம்மா. வெறும் கோரிக்கைக்கும் முடித்துக் காட்டிய பட்டியலுக்கும் மேசையில் வித்தியாசம் தெரியும். சனிக்கிழமை காலை ஆறரைக்கு நாராயணபுரம் ஏரிக்கரைக்கு வருகிறேன். ஒரு டேப், சுண்ணாம்புக்கட்டி, நீளமான நோட்டு போதும். மரத்தின் சுற்றளவை நெஞ்சு உயரத்தில், தரையிலிருந்து 1.37 மீட்டரில் எடுக்க வேண்டும். நான் காட்டித் தருகிறேன். மிச்சம் நிற்கும் மூன்று புங்கனிலிருந்து ஆரம்பிப்போம்.

ஏரிக்கரை · புதன், காலை 6.20

வாருங்கள் ஐயா. விழுந்த இரண்டின் அடிக்கட்டை இன்னும் இருக்கிறது, அதையும் எழுத வேண்டும்.